கடல் கடந்த கல்வி: பெஞ்சமின் ஷியர்ஸ்

லிட்டில் இந்தியாவில் பஃபலோ சாலை என்றொரு சிறிய சாலை இருக்கிறது. பெயரைப் படிப்பவர்களுக்கு எருமை இப்போது எங்கே என்று கேட்கத் தோன்றும். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் மாட்டுத் தொழுவங்கள் நிறைந்திருந்தன. மாடு வளர்ப்பவர்களும் பால் விற்பவர்களும் அங்கே வாழ்ந்தார்கள். அவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். மலாய் மொழியில் அந்த இடத்தைக் கண்டாங் கெர்பாவ் என்று அழைத்தனர். எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். அங்கே இருந்த மருத்துவமனைக்கும் அந்தப் பெயரே அமைந்தது.

1924ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் தேதி அம்மருத்துவமனை இலவசப் பிரசவ மருத்துவமனையாக மாறியது. தாய்மார்களுக்கு 30 படுக்கைகளும் குழந்தைகளுக்கு 12 படுக்கைகளும் இருந்தன. அந்தக் காலத்தில் பெரும்பாலான பெண்கள் வீட்டிலேயே பிள்ளை பெற்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 300க்கும் மேற்பட்டவை ஒரு வயதாகும் முன்பே இறந்துபோயின. தாய்மார்களும் பிரசவத்தின்போது உயிரிழந்தார்கள். இந்த நிலையை மாற்றத் தேர்ச்சி பெற்ற மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். ஆனால், அத்தகைய தேர்ச்சியைச் சிங்கப்பூரில் பெற முடியாது. அதற்கு லண்டனுக்குச் செல்ல வேண்டும்.

பின்னாளில் சிங்கப்பூரின் இரண்டாவது அதிபரான டாக்டர் பெஞ்சமின் ஹென்ரி ஷியர்ஸின் வாழ்க்கை, லண்டனுக்குச் செல்லும் அந்த வழி யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு மூடியிருந்தது என்பதோடு பிணைந்தது.

அவர் 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி சிங்கப்பூரில் ஒரு யூரேசியக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை எட்வின் ஷியர்ஸ் பொதுப்பணித் துறையில் தொழில்நுட்ப மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தார். குடும்பத்தில் உணவுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பிள்ளையைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிப் பல ஆண்டுகள் படிக்கவைக்கும் அளவுக்குச் செல்வமும் இல்லை. அக்காலத்தில் சிங்கப்பூரிலிருந்து கொழும்பு, சூயஸ் கால்வாய் வழியாக இங்கிலாந்தை அடையச் சில வாரங்கள் ஆகும். கப்பல் கட்டணம், கல்லூரிக் கட்டணம், தங்குமிடம், குளிருக்கான உடைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பெரிய வணிகர்களின் பிள்ளைகளால் மட்டுமே அது முடிந்தது.

பணமில்லாத பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. 1885ஆம் ஆண்டு சிசில் கிளமென்டி ஸ்மித் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் முயற்சியால் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் ஓர் உபகாரச் சம்பளத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் அது விக்டோரியா அரசியாரைச் சிறப்பிக்கும் வகையில் குவீன்ஸ் உபகாரச் சம்பளம் எனப் பெயர் பெற்றது. ஆண்டுதோறும் தேர்வில் முதலிடம் பெற்ற ஓரிருவர் மட்டும் அரசாங்கச் செலவில் இங்கிலாந்துக்குச் சென்று படித்தனர். 1887ஆம் ஆண்டு அதைப் பெற்ற லிம் பூன் கெங் எடின்பரோவில் மருத்துவம் பயின்று, புகழ்பெற்ற மருத்துவராகவும் சமூகத் தலைவராகவும் விளங்கினார். அடுத்த ஆண்டு அதைப் பெற்ற சொங் ஓங் சியாங் சட்டம் படித்தார்.

நல்ல திட்டம்தான். ஆனால், கதவு மிகவும் குறுகலாக இருந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்று இடங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஓரிருவர் என்றால், மற்ற கெட்டிக்காரப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தேர்வு ஆங்கிலத்தில் நடந்ததால், தமிழ்ப் பள்ளியிலோ மலாய்ப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ படித்த பிள்ளைகளால் அந்தக் கதவின் அருகில்கூடச் செல்ல முடியவில்லை. இத்தனைக்கும் 1911ஆம் ஆண்டு அரசாங்கம் அத்திட்டத்தையே நிறுத்திவிட்டது. 1920களில்தான் அது மீண்டும் வந்தது. ஷியர்ஸ் பள்ளி மாணவராக இருந்த ஆண்டுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் அடங்கும்.

அவர் சிறு வயதில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியில் படித்தார். அக்காலத்தில் கீழ்வகுப்புகளில் சிறுவர்களையும் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். பிறகு செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியிலும் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்திலும் பயின்றார். மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1923ஆம் ஆண்டு சிங்கப்பூரிலேயே இருந்த ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்தக் கல்லூரி உருவான கதை சுவையானது. 1904ஆம் ஆண்டு தான் ஜியாக் கிம் என்ற வணிகரின் தலைமையில் உள்ளூர்ப் பிரமுகர்கள் ஆளுநரிடம் ஒரு மனு கொடுத்தார்கள். இங்கேயே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. 71,000 வெள்ளி திரட்டித் தந்தால் பள்ளி தொடங்கலாம் என்று அரசாங்கம் கூறியது. அவர்கள் 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதில் 12,000 வெள்ளி தான் ஜியாக் கிம் தம் கையிலிருந்து கொடுத்தது. 1905ஆம் ஆண்டு 23 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. வகுப்புகள் நடந்த கட்டடம், அதற்கு முன்பு மனநோயுற்ற பெண்களைத் தங்கவைத்திருந்த பழைய விடுதி. 1910ஆம் ஆண்டு முதல் ஏழு பேர் தேர்ச்சி பெற்று வெளியே வந்தார்கள். வெளிநாடு செல்ல வசதியில்லாதவர்களுக்கு வெளிநாட்டுக் கல்வியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்த முயற்சி அது. அந்தக் கல்லூரி இல்லையென்றால் ஷியர்ஸ் மருத்துவராகியிருப்பது அரிது.

1929ஆம் ஆண்டு அவர் கல்லூரிப் படிப்பை முடித்து, ஊட்ரமில் இருந்த பொது மருத்துவமனையில் உதவி மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்தார். அந்தப் பதவியின் பெயரில் உள்ள ‘உதவி’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் பெற்ற மருத்துவப் பட்டயத்தைப் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 1916ஆம் ஆண்டே ஏற்றுக்கொண்டது. அதாவது, அந்தப் பட்டயத்தை வைத்துக்கொண்டு பிரிட்டனிலேயே மருத்துவராகப் பணியாற்றலாம். ஆனால், சொந்த ஊர் மருத்துவமனையில் உயர்ந்த பதவிகள் எல்லாம் ஐரோப்பிய மருத்துவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரே நோயாளியைக் கவனித்தாலும், ஒரே இரவு கண்விழித்தாலும், உள்ளூர் மருத்துவருக்குச் சம்பளம் குறைவு, பதவி கீழ். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இந்த நிலை மாறவில்லை.

1931ஆம் ஆண்டு ஷியர்ஸ் மகப்பேற்று மருத்துவத்துக்கு வந்தார். அதற்காகத்தான் அவர் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைக்குச் சென்றார். தேக்காவிலிருந்தும் சிராங்கூன் சாலையிலிருந்தும் தீவின் மூலைமுடுக்குகளிலிருந்தும் தமிழ், சீன, மலாய்ப் பெண்கள் அங்கே வந்தார்கள். பலர் வலி முற்றிய பிறகு, கடைசி நேரத்தில் வந்தார்கள். அத்தகைய பிரசவங்கள் ஓர் இளம் மருத்துவருக்குப் பெரிய சோதனை. ஷியர்ஸ் அங்கே கைத்திறனைக் கற்றார். ஆனால், அந்தக் கைத்திறனுக்குச் சான்று தரும் அமைப்பு சிங்கப்பூரில் இல்லை.

அவர் கல்லூரியிலிருந்து வெளிவந்த அதே 1929ஆம் ஆண்டில், பிரிட்டனில் மகப்பேற்று மருத்துவர்களுக்கென ஒரு கல்லூரி நிறுவப்பட்டது. அது பாடம் நடத்தும் கல்லூரியன்று. தேர்வு நடத்தி, தகுதி பெற்றவர்களை உறுப்பினராக ஏற்கும் அமைப்பு. மகப்பேற்றுத் துறையில் வல்லுநர் என்று சொல்லிக்கொள்ள அதன் உறுப்பினர் தகுதியே அடையாளமாயிற்று. தேர்வை எழுத லண்டனுக்குச் செல்ல வேண்டும். அதற்கு முன்னர், அந்த அமைப்பு ஏற்றுக்கொண்ட மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் வாழும் ஓர் உதவி மருத்துவ அதிகாரி வேலையை விட்டுவிட்டுச் சொந்தச் செலவில் இதையெல்லாம் செய்ய முடியுமா? தகுதி இல்லாததால் பதவி இல்லை; பதவி இல்லாததால் தகுதி பெறப் பணம் இல்லை. உள்ளூர் மருத்துவர்கள் பலர் இந்தச் சுழலிலேயே ஓய்வு பெறும்வரை பணிபுரிந்தார்கள்.

1939ஆம் ஆண்டு அவர் யோ சே கியோக் என்ற பெண்மணியைத் திருமணம் செய்துகொண்டார். அவரும் கண்டாங் கெர்பாவில் மகப்பேற்றுத் தாதிமைப் பயிற்சி பெற்றவர். மறு ஆண்டு, 1940இல், ஷியர்ஸ் எதிர்பார்த்த கதவு திறந்தது. பணியிலிருக்கும் பட்டதாரிகள் பிரிட்டனில் மேற்படிப்புப் படிப்பதற்கான குவீன்ஸ் ஃபெல்லோஷிப் அவருக்கு வழங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் படிக்கலாம். செலவை அரசாங்கம் ஏற்கும்.

ஆனால், கப்பல் புறப்படவில்லை. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. லண்டன்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. கடலில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அவர் சிங்கப்பூரிலேயே தங்க வேண்டியதாயிற்று. 1941 டிசம்பரில் போர் இங்கேயும் வந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது.

வாழ்க்கையில் சில திருப்பங்கள் விந்தையானவை. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஜப்பானியர் சாங்கியில் சிறைவைத்தார்கள். அதுவரை ‘உதவி’ என்ற சொல்லோடு இருந்த உள்ளூர் மருத்துவர்கள், மருத்துவமனைகளை முழுமையாக நடத்தும் பொறுப்புக்கு வந்தார்கள். ஷியர்ஸ் கண்டாங் கெர்பாவில் மகப்பேற்றுப் பிரிவின் தலைவரானார். உள்ளூர் நோயாளிகள் பகுதியின் மேற்பார்வையும் அவரிடமே இருந்தது. மருந்து கிடைக்கவில்லை. உணவு கிடைக்கவில்லை. தாய்மார்கள் மெலிந்து, பலவீனமாக வந்தார்கள். வழிகாட்ட மூத்த வல்லுநர் யாரும் இல்லை. மூன்றரை ஆண்டுகள் உள்ளூர் மருத்துவர்களால்தான் மருத்துவமனைகள் இயங்கின. இவர்களால் முடியாது என்று சொல்லப்பட்ட வேலையை அவர்கள் மிகக் கடினமான காலத்தில் செய்து காட்டினார்கள்.

1945ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினார்கள். மருத்துவக் கல்லூரி 1946ஆம் ஆண்டு மீண்டும் திறந்தது. போர் முடிந்தாலும் கப்பல்களில் இடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது. 1947ஆம் ஆண்டுதான் ஷியர்ஸ் லண்டனுக்குப் புறப்பட்டார். உபகாரச் சம்பளம் கிடைத்து ஏழு ஆண்டுகள் கடந்துவிட்டன. அதே ஆண்டில், பின்னாளில் லீ குவான் இயூவின் மனைவியான குவா கியோக் சூவும் குவீன்ஸ் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜில் சட்டம் படிக்கச் சென்றார். அவர் இளம்பெண், ஷியர்ஸுக்கோ அந்த ஆண்டு 40 வயது நிறைந்தது.

சிங்கப்பூரில் ஒரு பிரிவுக்கே தலைவராக இருந்தவர், லண்டனில் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையைச் சேர்ந்த முதுநிலை மருத்துவப் பள்ளியில் மாணவராக உட்கார்ந்தார். அப்போது லண்டன் செழிப்பான நகரமாக இல்லை. குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்கள் அப்படியே கிடந்தன. ரொட்டிகூடப் பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தது. ஆனால், ஆயிரக்கணக்கான பிரசவங்களைக் கண்டிருந்த அவருக்குத் தேர்வு புதிய உலகமாகத் தோன்றியிருக்காது. 1948ஆம் ஆண்டு ஜனவரியில், லண்டன் சென்ற மறு ஆண்டே, அவர் அரச மகப்பேற்று மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தேர்வில் தேறினார். சிங்கப்பூர் மகப்பேற்று மருத்துவர்களில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல்வர் அவரே.

இரண்டு ஆண்டுகள் முடியும்வரை அவர் அங்கே இருக்கவில்லை. சிங்கப்பூரில் பேராசிரியர் பொறுப்பை ஏற்க ஆள் தேவைப்பட்டதால் அவர் திரும்ப அழைக்கப்பட்டார். 1949ஆம் ஆண்டு அக்டோபரில் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. 1950ஆம் ஆண்டு ஷியர்ஸ் அதன் மகப்பேற்று, பெண்நோய் மருத்துவப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். ஐரோப்பியர்களுக்கு மட்டுமே என்று கருதப்பட்ட நாற்காலி அது.

லண்டன் படிப்பினால் அவர் பெற்றது ஒரு சான்றிதழ்தான் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தச் சான்றிதழ் கையில் இருந்ததால்தான், அவர் சொன்னதை மற்றவர்கள் கேட்டார்கள். அதற்கு அறுவைச் சிகிச்சைப் பிரசவம் நல்ல எடுத்துக்காட்டு. அக்காலத்தில் குழந்தையை வெளியே எடுக்கக் கருப்பையின் மேற்பகுதியில் நீளவாக்கில் வெட்டுவது வழக்கம். அங்கே தசை தடிமனாக இருக்கும். இரத்தம் மிகுதியாக வெளியேறும். கிருமி தொற்றும் அபாயமும் உண்டு. அடுத்த பிரசவத்தின்போது அந்தத் தழும்பு பிரிந்துவிட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து. கீழ்ப்பகுதியில், மெல்லிய தசையில், குறுக்குவாட்டில் வெட்டினால் இந்த ஆபத்துகள் பெரிதும் குறையும். ஷியர்ஸ் இந்த முறையைச் சிங்கப்பூரில் பரப்பினார். தொடக்கத்தில் உடன் பணிபுரிந்தவர்கள் தயங்கினார்கள். பழகிய கையை மாற்றிக்கொள்வது யாருக்கும் எளிதன்று. 1950களில் அது வழக்கமான முறையாகிவிட்டது. இன்று சிங்கப்பூரில் அறுவைச் சிகிச்சையின் மூலம் பிள்ளை பெறும் தாய்மார்களுக்குப் பெரும்பாலும் அதே முறைதான் பின்பற்றப்படுகிறது.

ஆனால், மாணவர்களைப் பொறுத்தவரை அவர் செய்த இன்னொரு வேலைதான் பெரியது. தாம் ஒருவர் மட்டும் அந்தக் கதவைக் கடந்ததில் அவர் நிறைவடையவில்லை. பேராசிரியராக இருந்த பத்தாண்டுகளில், கண்டாங் கெர்பாவைப் பயிற்சி தரும் மருத்துவமனையாக வளர்த்தார். அங்கே வரும் தாய்மார்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடியது. ஓர் இளம் மருத்துவர் வேறு நாட்டில் பல ஆண்டுகளில் காணக்கூடிய சிக்கலான பிரசவங்களை இங்கே சில மாதங்களில் கண்டுவிடுவார். முதலில் உள்ளூரில் நல்ல பயிற்சி, பிறகு குறுகிய காலத்துக்கு வெளிநாட்டுப் படிப்பும் தேர்வும் என்ற வழி உருவானது. ஏழாண்டு காத்திருப்பு அவருக்குப் பின் வந்தவர்களுக்குத் தேவைப்படவில்லை. படிப்புக்காகக் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் காலமும் செலவும் குறைந்தன. 1955ஆம் ஆண்டு லண்டன் கல்லூரி அவரைத் தன் மூத்த உறுப்பினராக உயர்த்தியது.

இக்காலத்தில் வெளிநாட்டுக் கல்விக்கான மற்ற வழிகளும் அகலமாகத் தொடங்கின. 1950ஆம் ஆண்டு கொழும்பு நகரில் காமன்வெல்த் நாடுகளின் அமைச்சர்கள் கூடி வகுத்த கொழும்புத் திட்டம், தெற்கு, தென்கிழக்கு ஆசிய மாணவர்களை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்கு அனுப்பியது. சிங்கப்பூர் மாணவர்களும் அதன்மூலம் பொறியியல், ஆசிரியப் பயிற்சி, மருத்துவம் முதலியவற்றைக் கற்றார்கள். திரும்பி வந்து தாய்நாட்டில் பணியாற்ற வேண்டும் என்பது இத்தகைய உதவிகளோடு வந்த கடமை. சிலருக்கு அது பாரமாகத் தோன்றியதுண்டு. ஆனால், ஒருவருக்குச் செலவிட்ட பொதுப்பணம் பலருக்குப் பயன்பட வேறு வழி இல்லை. ஷியர்ஸும் பொதுப்பணத்தில் படித்தவர்தான், அழைத்தவுடன் திரும்பியவர்தான்.

பழைய குவீன்ஸ் உபகாரச் சம்பளமும் மாறியது. 1959ஆம் ஆண்டு சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றபோது அது அரசாங்க உபகாரச் சம்பளமாகப் பெயர் மாறியது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1966இல், அதிபர் உபகாரச் சம்பளம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. லண்டனில் இருக்கும் அரசியாரின் பெயரில் வழங்கப்பட்ட ஒன்று, சொந்த நாட்டு அதிபரின் பெயரில் வழங்கப்படலாயிற்று.

ஷியர்ஸ் 1960ஆம் ஆண்டு பேராசிரியர் பதவியிலிருந்து விலகித் தனியார் மருத்துவராகத் தொழில் செய்தார். கண்டாங் கெர்பாவை அவர் மறந்துவிடவில்லை. மதிப்புறு ஆலோசகராக அங்கே தொடர்ந்து சென்றுவந்தார். 1966ஆம் ஆண்டு அம்மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. அதுவரை உலகில் எந்த மருத்துவமனையிலும் ஓராண்டில் அத்தனை குழந்தைகள் பிறந்ததில்லை என்பதால், அது கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. 30 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை அது.

1970ஆம் ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஸ்ஹாக் காலமானார். அவருடைய உடல் கிராஞ்சியில், போர் வீரர்களின் கல்லறைகளுக்கு அருகே இருக்கும் அரசு மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த அதிபராக நாடாளுமன்றம் ஷியர்ஸைத் தேர்ந்தெடுத்தது. 1971ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி அவர் பதவியேற்றார். அரசியலில் ஈடுபடாத ஒரு மருத்துவர் நாட்டின் தலைவரானது பலருக்கு வியப்பளித்தது. அதற்குப் பிறகும் இரண்டு முறை அவர் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1972ஆம் ஆண்டு பிப்ரவரியில் எலிசபெத் அரசியார் சிங்கப்பூருக்கு வருகை புரிந்தார். அவரை வரவேற்றவர் அதிபர் ஷியர்ஸ். அரச குடும்பத்தின் பெயரால் வழங்கப்பட்ட உதவியைப் பெற்று, ஏழாண்டு காத்திருந்து லண்டன் சென்ற மருத்துவர், இப்போது சுதந்திர நாட்டின் தலைவராக அரசியாருக்கு விருந்தோம்பல் செய்தார். அக்காட்சியைப் பார்த்த பழைய தலைமுறை மருத்துவர்களுக்கு அது சாதாரணமான சடங்காகத் தெரிந்திருக்காது.

அதிபர் என்ற முறையில் அவருக்குப் பல கடமைகள் இருந்தன. அவற்றில் ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் இஸ்தானாவில் அதிபர் உபகாரச் சம்பளத்தை மாணவர்களுக்கு வழங்குவது. மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த இளையர்கள் பெற்றோருடன் வருவார்கள். ஆண், பெண் வேறுபாடு இல்லை. சீனர், மலாய்க்காரர், இந்தியர், யூரேசியர் என்ற வேறுபாடும் இல்லை. சில வாரங்களில் அவர்கள் விமானம் ஏறி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் வகுப்பில் அமர்ந்துவிடுவார்கள். அவருடைய பள்ளிக் காலத்தில் இல்லாமற்போன ஒன்றை, அவர் தம் கையாலேயே மற்றவர்களுக்குக் கொடுத்தார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் அவர் இருந்தார். 1980ஆம் ஆண்டு அது நன்யாங் பல்கலைக்கழகத்துடன் இணைந்து சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் ஆனபோது, அதன் முதல் வேந்தரும் அவர்தான்.

1981ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி அவர் காலமானார். அப்போதும் அவர் அதிபர் பதவியில்தான் இருந்தார். அவருக்கு வயது 73. கிராஞ்சி அரசு மயானத்தில், யூசோஃப் இஸ்ஹாக் துயிலும் அதே இடத்தில், அவரும் அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் மரினா பகுதியில் கட்டிமுடிக்கப்பட்ட உயரமான பாலத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்கு வருபவர்கள் பலர் அந்தப் பாலத்தின் மேலேதான் வருகிறார்கள்.

பழைய கண்டாங் கெர்பாவ் கட்டடம் ஹேம்ஷியர் சாலையில் இன்னும் நிற்கிறது. இப்போது அங்கே தரைப் போக்குவரத்து ஆணையம் இயங்குகிறது. மருத்துவமனை 1997ஆம் ஆண்டு புக்கிட் தீமா சாலையின் மறுபக்கத்துக்கு இடம்மாறி, கேகே மகளிர், சிறார் மருத்துவமனையாக வளர்ந்துவிட்டது.

ஷியர்ஸுக்குப் பின் வந்த மகப்பேற்று மருத்துவர்களுள் ஒருவர் எஸ். எஸ். ரத்னம். இலங்கையில் பிறந்த தமிழர் அவர். கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்தவர். பிற்காலத்தில் ஷியர்ஸ் தலைமை தாங்கிய அதே துறைக்கு அவர் தலைவரானார். 1983ஆம் ஆண்டு மே மாதம், அவருடைய குழுவின் முயற்சியால், சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தது. பின்னர் மற்ற ஆசிய நாடுகளின் மருத்துவர்கள் அந்தச் சிகிச்சை முறையைக் கற்க லண்டனுக்குப் போகாமல் சிங்கப்பூருக்கு வந்தார்கள்.